கெமிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்.: செலவு எவ்வளவு, வகுப்பில் யார் யார்? குமரி மாவட்ட மாணவர்களுக்கான கேள்வி-பதில்

பி.இ., பி.டெக். முடித்துவிட்டு மேற்படிப்பை யோசிக்கும் மாணவர்களும் அவர்கள் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. பணம் பற்றியவை முதலில், வகுப்பில் உடன்படிப்பவர்கள் பற்றியவை அடுத்து. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. எந்தப் பிரிவில், எந்தத் தேர்வு வழியாகச் சேர்கிறீர்கள் என்பதுதான் கட்டணத்தையும் தீர்மானிக்கிறது.

இரண்டு ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

கட்டண அட்டவணையின் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேட் (பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) தகுதியோடு சேர்கிறீர்களா இல்லையா என்பதுதான் கணக்கைப் புரட்டிப்போடும். தகுதியோடு முழுநேர மாணவராகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐஐடி, என்ஐடி.களில் அது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பணம். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற மற்றக் கல்லூரிகளில் ஏஐசிடிஇ தருவது. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய்.

இதை வைத்து ஒரு என்ஐடி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எம்.டெக். கல்விக் கட்டணம் பருவத்துக்கு 35,000 என்றால் நான்கு பருவத்துக்கு 1,40,000. விடுதி, மெஸ் இரண்டுக்கும் ஆண்டுக்கு 70,000 என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 1,40,000. ஆக 2,80,000. உதவித்தொகையில் கழித்தால் 17,600 மிஞ்சும். லேப்டாப், ஊருக்கு வந்துபோகிற ரயில் செலவு, சேரும்போது வாங்கும் சில்லறைக் கட்டணங்கள், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை ஆகியவைதான் கைப்பணத்திலிருந்து போகும்.

கேட் இல்லாமல் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் இந்த மூன்று லட்சமும் கிடையாது, கட்டணமும் கூடுதல். எங்கள் கருத்து நேரடியானது: ஆசிரியப் பணிக்காகவோ, நிறுவனமே செலவை ஏற்பதாலோ படிக்கிறவரைத் தவிர மற்றவர்கள், கெமிக்கல் எம்.டெக்.குக்குக் கைக்காசைக் கொட்டுவதைவிட இன்னொரு முறை கேட் எழுதுவது நல்லது.

உதவித்தொகை முதல் மாதமே வந்துவிடுமா?

வராது. பல வீடுகளில் கணக்கு இடிப்பது இங்கேதான். ஜூலை, ஆகஸ்டில் சேரும்போது முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் ஒரே வாரத்தில் கட்ட வேண்டும். உதவித்தொகையோ சரிபார்ப்பு முடிந்து, பல மாதத்துக்குச் சேர்த்து நிலுவையாக வந்து சேரும். குறைந்தது ஒரு பருவச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஏஐசிடிஇ உதவித்தொகையில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். ஆதார் இணைத்த, மாணவர் பெயரில் மட்டும் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கு வேண்டும். அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கோ, பள்ளிக் காலத்தில் தொடங்கி மைனர் கணக்காகவே கிடப்பதோ, வரம்பு வைத்த எளிய கணக்கோ நிராகரிக்கப்படும். கல்லூரி உங்களுக்கு அடையாள எண் உருவாக்கித் தந்த பிறகே நீங்கள் விண்ணப்பிக்க முடியும். பிறகு ஒவ்வொரு மாதமும் உங்கள் வருகையைக் கல்லூரி உறுதிசெய்ய வேண்டும். அந்த வேலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று சேர்ந்த முதல் வாரமே துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இது சும்மா கிடைக்கும் பணமும் அல்ல. ஐஐடி, என்ஐடி.களில் வாரம் 8 மணி நேரம் கற்பித்தல் உதவி உண்டு: பி.டெக். ஆய்வகத்தில் மேற்பார்வை, ரெக்கார்டு திருத்துதல், தேர்வறைக் கண்காணிப்பு. இதை வாங்கிக்கொண்டே வேறொரு ஸ்டைபெண்டும் வாங்க முடியாது.

கேட் தேர்வுக்கு என்ன செலவு, எப்படி இருக்கும்?

கேட் 2026க்குக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு ஒரு தாளுக்கு 2,000 ரூபாய், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. தாமதமாக விண்ணப்பித்தால் 500 கூடும். தேர்வு பிப்ரவரியில். கெமிக்கலுக்கான தாளின் குறியீடு சிஎச். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத் திறன். கொடுத்த விடைகளில் ஒன்றை மட்டும் தேர்வு செய்யும் கேள்வியில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும்: ஒரு மதிப்பெண் கேள்விக்கு 1/3, இரண்டுக்கு 2/3. எண்ணை நீங்களே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ளவற்றுக்கும் கழிவு இல்லை. கெமிக்கல் தாளில் எண் விடைக் கேள்விகள் நிறைய வருவதால், கால்குலேட்டர் பழக்கமே பலருக்கு ஐந்தாறு மதிப்பெண். தேர்வறையில் திரையில் தெரியும் மெய்நிகர் கால்குலேட்டர்தான், உங்கள் கைக் கால்குலேட்டரை அனுமதிக்க மாட்டார்கள். மவுஸால் மடக்கைகளைத் தட்டிப் பழகாமல் போனால் நேரம் ஓடிவிடும்.

மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். தேர்வு நகரப் பட்டியல் ஆண்டுக்காண்டு மாறுவது உண்டு. நம் பக்கத்தில் இடம் இல்லாத ஆண்டில் திருநெல்வேலி, திருவனந்தபுரம் இரண்டும் கைகொடுக்கும். விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்காரர்களுக்குத் திருவனந்தபுரமே பக்கம்.

கேட் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பிஜி தேர்வு எழுதி, மாநில எம்.இ., எம்.டெக். கலந்தாய்வில் சேரலாம். 2023 முதல் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு பழைய டான்செட் நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக இதுதான். ஆனால் அந்தக் கலந்தாய்விலும் கேட் மதிப்பெண் உள்ளவர்களை முதலில் அழைக்கிறார்கள், மிச்ச இடம்தான் மற்றவர்களுக்கு. 1944இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களைக் குறிவைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டா வழியாகச் சேர்பவர்களுக்கு 12,400 கிடையாது.

தமிழக அரசின் உதவிகளில் எது எம்.டெக்.குக்குப் பொருந்தும்?

பொருந்தாதவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவற்றை நம்பித்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், ஏஐசிடிஇ.யின் பிரகதி உதவித்தொகை: இவை எதுவும் முதுகலைக்கு வராது.

பொருந்துவதில் பெரியது இது. ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழகத்தைச் சேர்ந்த பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மாநில அரசு தருகிறது. இளநிலைக்கும் முதுநிலைக்கும் உண்டு. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் மாதம் 12,400 வாங்கிக்கொண்டே இதற்கும் விண்ணப்பிக்கலாமா என்பதை உங்கள் நிறுவனத்தின் உதவித்தொகைப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி இரண்டையும் வாங்கினால் பின்னால் திருப்பிக் கட்டும்படி ஆகலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதற்கும் வருமான வரம்பு 2.5 லட்சம்.

அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகளில் வருமானச் சான்றிதழ் வாங்கும்போது அந்தச் சம்பளத்தை மறைக்காதீர்கள். குமரியில் கிராம நிர்வாக அலுவலருக்கு எந்த வீட்டில் யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது தெரியாத விஷயம் அல்ல.

மாநிலத்தில் பி.சி. சான்றிதழ் இருக்கிறது. என்ஐடி.க்கு அது போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மாநிலக் கல்லூரிகளில் 69 சதவீத இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 18 (அருந்ததியர் 3 உட்பட), பழங்குடி 1. மத்திய நிறுவனங்களில் கணக்கே வேறு: ஓபிசி 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10. அங்கே பி.சி., எம்.பி.சி. என்ற பிரிப்பு இல்லை. மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் சமுதாயத்தின் பெயர் இருக்க வேண்டும். கிரீமி லேயரில் (ஒதுக்கீடு பெற முடியாத, வசதியான ஓபிசி குடும்பங்கள்) வரவில்லை என்ற சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில், அந்தச் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டுச் சான்றிதழைக் கொண்டுபோனால் ஓபிசி இடம் கைவிட்டுப் போகும்.

கிரீமி லேயருக்கான வரம்பு ஆண்டு வருமானம் 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இதில் சேராது. பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். ஆனால் ரப்பர் விஷயத்தில் குமரிக்காரர்கள் தடுக்கி விழுவார்கள். தென்னையும் வாழையும்போல ரப்பரும் விவசாயம்தானே என்று நினைப்பது இயல்பு. 1993ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணையில் காப்பி, தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது: அவற்றுக்கு வருமான, சொத்து அளவுகோல்தான் பொருந்தும். மா, நாரத்தை வகைத் தோட்டங்கள்தான் விவசாய நிலமாகக் கருதப்படும். திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஐந்தாறு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவருக்கு இதனால் பெரும்பாலும் வரம்பு தாண்டாது. பெரிய தோட்டக்காரர்கள் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமுதாயப் பெயரிலும் நம் மாவட்டத்துக்கென்று தனிக் குறிப்புகள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி என்பதால் வந்தவை இவை. மாநிலப் பட்டியலில் லத்தீன் கத்தோலிக்கர் பிற்படுத்தப்பட்டோர். குமரி மாவட்டத்து லத்தீன் கத்தோலிக்கக் கிறித்தவ வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்களிலும் சில பெயர்கள் ‘கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை தாலுகா’ என்று இடம் குறித்தே வருகின்றன. காணிக்காரர் அப்படி ஒன்று. சென்னையிலோ திருச்சியிலோ சான்றிதழ் சரிபார்ப்பவருக்கு இது புதிதாக இருக்கலாம். அந்தப் பட்டியல் பக்கத்தின் நகல் ஒன்றைச் சான்றிதழோடு எடுத்துப் போங்கள். மார்ச் மாதமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்குப் போட்டு வைத்து, ஏப்ரல் பிறந்ததும் ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் மே மாதக் கலந்தாய்வுக்குள் கையில் வந்துவிடும்.

கேரளத்தில் பி.டெக். படித்தவர் எந்த மாநிலத்துக்காரர்?

சேர்ந்து படித்த ஊர் அதைத் தீர்மானிப்பதில்லை. களியக்காவிளையைத் தாண்டிப் போய்ப் படித்தவர்கள் தமிழகக் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும். கேரள மாநிலக் கலந்தாய்வில், வீட்டில் மலையாளம் பேசினாலும், குமரிக்காரர் வெளிமாநிலத்தவர்தான். என்ஐடி.களுக்கான சிசிஎம்டி கலந்தாய்வில் இந்தத் தலைவலி இல்லை. பி.டெக். போலச் சொந்த மாநில ஒதுக்கீடு எம்.டெக்.கில் கிடையாது. திருச்சியும் கோழிக்கோடும் சூரத்தும் உங்களுக்கு ஒரே தூரம்தான்.

அப்படியானால் வகுப்பில் யார் யார் இருப்பார்கள்?

சொந்த மாநில ஒதுக்கீடு இல்லாததால் திருச்சி என்ஐடி.யிலேயே எம்.டெக். வகுப்பு பி.டெக். வகுப்பைவிடக் கலவையானது. ஆந்திரா, தெலங்கானா, வங்காளம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கேரளம் என்று வந்திருப்பார்கள். அப்போதுதான் பட்டம் வாங்கியவரும், மூன்று ஆண்டு ஆலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவரும், ஏஐசிடிஇ.யின் தர மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் கல்லூரி ஆசிரியரும், அரசு நிறுவனம் அனுப்பிவைத்தவரும் ஒரே பெஞ்சில் இருப்பது உண்டு. மாநிலக் கல்லூரிகளில் பெரும்பான்மை தமிழ்நாட்டினர்.

ஒரு நிறுவனத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்துகொள்ள நல்ல வழி, அது மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குச் சமர்ப்பித்த தரவுத் தாள். ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். அதில் ‘மொத்த மாணவர் எண்ணிக்கை’ அட்டவணையில் இரண்டாண்டு முதுகலை என்ற வரியைப் பாருங்கள். ஆண், பெண், மாநிலத்துக்குள், மாநிலத்துக்கு வெளியே, வெளிநாடு, பொருளாதாரத்தில் பின்தங்கியோர், சமூகத்தில் பின்தங்கியோர் என்று தனித்தனிப் பத்தி. அடுத்த பத்திகள் இன்னும் முக்கியம்: கல்விக் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைத்தவர் எத்தனை பேர், அது அரசிடமிருந்தா, நிறுவன நிதியிலிருந்தா, தனியாரிடமிருந்தா, எதுவுமே கிடைக்காத தகுதியானவர்கள் எத்தனை பேர். செலவும் பன்மையும் ஒரே வரியில் கிடைக்கும் இடம் இது.

கீழே வேலைவாய்ப்பு அட்டவணை. முதலாண்டில் சேர்ந்தவர் எண்ணிக்கையையும், குறித்த காலத்தில் முடித்தவர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் உடனே படிப்பு மோசம் என்று எண்ண வேண்டாம். பொதுத்துறை வேலை கிடைத்து நடுவில் போனவர்களும் அதில் அடக்கம்.

ஒரு குறை உண்டு: இந்த எண்கள் எல்லாத் துறைக்கும் சேர்த்தவை. கெமிக்கலுக்கு மட்டும் வேண்டுமென்றால் சிசிஎம்டி தளத்தில் சென்ற ஆண்டுகளின் சுற்றுவாரித் தொடக்க, முடிவு மதிப்பெண்களைப் பாருங்கள். எந்தப் பிரிவில் எந்த மதிப்பெண்ணுக்கு இடம் முடிந்தது என்பதிலிருந்து வகுப்பின் உருவம் ஓரளவு பிடிபடும்.

பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தனி ஒதுக்கீடு உண்டா?

ஐஐடி, என்ஐடி.களில் பெண்களுக்கென்று கூடுதலாக உருவாக்கிய இடங்கள் பி.டெக்.குக்கு மட்டும். எம்.டெக்.கில் இல்லை. விகிதத்தை மேலே சொன்ன தரவுத் தாளில் பாருங்கள். நேரில் விசாரிக்கும்போது ‘விடுதி பாதுகாப்பானதா’ என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். இரவு எத்தனை மணிவரை ஆய்வகத்தில் இருக்க அனுமதி, அதற்கு யார் கையெழுத்து, விடுதிக்குத் திரும்ப வாகனம் உண்டா என்று கேளுங்கள். வினையூக்கிச் சோதனை ஒன்று தொடங்கினால் எட்டு, பத்து மணி நேரம் நிறுத்த முடியாது. விடுதிக் கதவு ஒன்பதரைக்குச் சாத்தும் இடத்தில் இரண்டாம் ஆண்டு ஆய்வு பாதியில் நிற்கும்.

பயோடெக், பாலிமர், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்கள் சேரலாமா?

பல இடங்களில் சேரலாம். சிஎச் தாள் எழுத எந்தப் பொறியியல் பட்டமும் போதும். ஆனால் இடம் கிடைப்பது அந்தந்த எம்.டெக்.குக்கு எந்தெந்த இளநிலைப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்முன் ஒவ்வோர் இடத்தின் தகுதிப் பட்டியலையும் திறந்து பாருங்கள். பெட்ரோகெமிக்கல், பாலிமர்க்காரர்களுக்குச் சிக்கல் குறைவு. பயோடெக்காரர்கள் முதல் பருவத்தில் திணறுவது மூன்று இடத்தில்: நிறைப் பரிமாற்றம், வினைப் பொறியியல், செயல்முறைக் கட்டுப்பாடு. காய்ச்சி வடித்தல் கோபுரத்துக்கு வரைபடத்தில் தட்டுகளை எண்ணுவது போன்ற அடிப்படைகள் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எம்.டெக். பாடம் தொடங்கும். சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் என்பிடெல் (ஐஐடி.களின் இணைய வகுப்பு) காணொளிகளில் இந்த மூன்றையும் இளநிலை அளவில் முடித்துவிட்டால் போதும். வகைக்கெழுச் சமன்பாடு மறந்தவர்கள் அதையும் தூசி தட்டுங்கள்.

இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

வகுப்பு, தேர்வு, ஆய்வறிக்கை எல்லாம் ஆங்கிலம். மெஸ்ஸிலும் விடுதி அறையிலும் இந்தி காதில் விழும். ஒரு பருவத்தில் பழகிவிடும். உண்மையான சிரமம் ஆங்கிலத்தில் வாய்திறந்து செமினார் கொடுப்பதுதான், அது எல்லா மாநிலத்தவருக்கும் உண்டு.

கல்விக் கடன் வாங்கலாமா?

கேட் இடம் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் பிஎம் வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பியுங்கள். பட்டியலில் உள்ள உயர்தர நிறுவனங்களில் 7.5 லட்சம் வரையான கடனுக்கு அரசின் 75 சதவீத உத்தரவாதம் இருப்பதால் சொத்து ஈடு கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. ஆனால் முழு வட்டி மானியம் ஒருவருக்கு ஒருமுறைதான். பி.இ.க்கு வாங்கியிருந்தால் எம்.டெக்.குக்குக் கிடைக்காது. பழைய பி.இ. கடனில் தவணை நின்றுபோய் சிபில் அடிபட்டிருந்தால் மேலாளர் முதல் நிமிடமே அதைத்தான் திரையில் காட்டுவார். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கட்டண அட்டவணையில் இல்லாத செலவு எது?

இரண்டாம் ஆண்டு ஆய்வு. நீங்கள் தயாரிக்கும் வினையூக்கியையோ சவ்வையோ பரிசோதிக்க வெளியே அனுப்பினால் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பத்து மாதிரி அனுப்பி, அதில் நான்கு சரியாக உலராமல் போயிருந்தால் அந்த நான்குக்கும் இன்னொரு முறை காசு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் திட்ட நிதி இருக்கிறதா, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் கொண்டு படிக அமைப்பைப் பார்ப்பது), செம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி), வாயுக் குரோமட்டோகிராஃபி கருவிகள் வளாகத்திலேயே வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். ‘கருவி இருக்கிறது’ என்பதும் ‘கருவி ஓடுகிறது’ என்பதும் வேறு வேறு.

கைக்காசு போகக் கூடாது என்பவர்களுக்கு கணினியிலேயே செயல்முறையை ஓட்டிப் பார்க்கும் உருவகப்படுத்தல் ஆய்வு நல்ல தேர்வு. அதற்கான ஆஸ்பென் மென்பொருளின் உரிமம் வளாகக் கணினிகளில் மட்டும் இருக்கும். விடுதியில் இருந்து வேலை பார்க்க டிடபிள்யூசிம் மென்பொருள் இலவசம். ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் அதற்கான பயிற்சிப் பாடங்களையும் தந்திருக்கிறது.

ஊர்ப்பக்கம் இன்டர்ன்ஷிப், ஆய்வு செய்ய இடம் உண்டா?

நினைப்பதைவிட அதிகம். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் கடல்மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் பிரிக்கிறது. அங்கே நடப்பது காந்தம், நிலைமின்னழுத்தம், எடை வித்தியாசம் கொண்டு பிரித்தல். இளநிலையில் ‘மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ்’ என்று ஏனோதானோ என்று படித்த தாள் இங்கே கண்ணெதிரே ஓடும். கேரளப் பக்கம் பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆர்-என்ஐஐஎஸ்டி ஆய்வகம், வேளியில் டைட்டானியம் ஆலை, சவறையில் கேஎம்எம்எல் கனிம ஆலை, மறுபக்கம் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலை, சாகுபுரத்தில் டிசிடபிள்யூ ரசாயன ஆலை, மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம். அரசு அமைப்புகளுக்குத் துறைத் தலைவரின் கடிதம் வேண்டும். மே மாதப் பயிற்சிக்கு ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஜெர்மனியில் இலவசம் என்கிறார்களே?

கல்விக் கட்டணம் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு எப்போதும் கட்டணம்தான். ‘ஜெர்மனி இலவசம்’ என்று பேச்சைத் தொடங்கிக் கடைசியில் தனியார் பல்கலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏஜென்டுகளிடம் பல்கலைக்கழகம் அரசுடையதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

கையில் வேண்டிய பணம் இப்படி வரும். ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தருவது) 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஐந்து விண்ணப்பம் என்றால் முதலாவதுக்கு 75, மற்ற நான்குக்கு 30 வீதம் 120, ஆக 195 யூரோ. தேசிய விசாவுக்கு 75 யூரோ. முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே 11.9 லட்சம். இது செலவு அல்ல, உங்கள் பணம்தான்: மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனால் விசாவுக்கு முன்பே மொத்தமாக வைத்தாக வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது. அதை நம்பி இரண்டாம் ஆண்டுச் செலவைத் திட்டமிடலாம், முதலாண்டுச் செலவைத் திட்டமிடக் கூடாது. ஆங்கிலவழி முதுகலை வகுப்புகளில் வெளிநாட்டவர் நிறைய, அதிலும் இந்தியர் நிறைய. இது வசதிதான், ஜெர்மன் மொழி நாவில் ஏறாமல் போவதற்கும் இதுவே காரணம். ஆலை வேலைக்கு அந்த மொழி வேண்டும்.

அமெரிக்காவில் துறைத் தளங்களில் ‘பன்மை உதவித்தொகை’ என்று இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவருக்குச் செலவைக் குறைப்பது ஆசிரியர் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பணி, எம்.எஸ்.ஸைவிட பிஎச்.டி.க்கே அது எளிதில் கிடைக்கும். விசாவுக்கு 185 டாலரும் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலரும் தனி.

சேர்ந்த பிறகு பொதுத்துறை வேலை கிடைத்தால்?

போகலாம், பலர் போகிறார்கள். அதுவரை வாங்கிய உதவித்தொகை பற்றியும் வைப்புத்தொகை, அசல் சான்றிதழ்கள் திரும்பப் பெறுவது பற்றியும் அந்த நிறுவனத்தின் விதியைச் சேரும் நாளிலேயே படித்துவையுங்கள். கலந்தாய்வு நடக்கும்போதே விலகுவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அதைத் தாண்டினால் இருக்கை ஏற்புக் கட்டணம் போய்விடும். ஐஐடி.களுக்கு சிஓஏபி, என்ஐடி.களுக்கு சிசிஎம்டி என்று இரண்டு தனித் தளங்கள். ஒன்றில் ஏற்றுக்கொண்டது மற்றதில் தானாக ரத்தாகாது.

ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி இருக்கிறது. பிரச்சினையா?

ஆமாம், அதுவும் பணப் பிரச்சினை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், வங்கியில் இரண்டும் இல்லாமல் என்றால் உதவித்தொகைத் தளம் மூன்று பெயரையும் மூன்று ஆளாக எடுத்துக்கொள்ளும். கேட் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள், தலைகீழாக அல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவதற்குள் சேர்க்கையே முடிந்துவிடும்.